பந்தி வஞ்சனையும் கப்பல் கேபினும்

"சார், சூட் ரூம் எடுத்தாத்தான் அம்மாவை நல்லா பாத்துப்பாங்களா? இல்ல, சாதா கேபினே போதுமா?"

போன வாரம் போனில் இப்படிக் கேட்டவர் தஞ்சாவூர்க்காரர். கேபின் என்றால் கப்பல் அறை, சூட் என்றால் அதில் பெரிய, விலை கூடிய அறை. அவருடைய அம்மா 74 வயது ஓய்வுபெற்ற ஆசிரியை. கூட வேலை பார்த்தவர்களோடு பார்சிலோனாவில் கப்பலேறி ஏழு இரவு மத்தியதரைக் கடலைச் சுற்றிவரப் போகிறார். குழுவில் ஆள் கணக்கு ஒற்றைப்படையாகிவிட்டதால் அம்மாவுக்குத் தனி கேபின். தனியாகத் தங்கினாலும் பெரும்பாலும் இருவருக்கான கட்டணத்தையே வாங்கிவிடுவார்கள். "அவ்வளவு காசு போகுது, இன்னும் கொஞ்சம் போட்டு சூட்டே எடுத்துடலாமா?" என்பது மகனின் யோசனை.

நான் 11 வருடம் சொகுசுக் கப்பல்களில் வேலை பார்த்தவன். முதலில் கேபின்களைச் சுத்தம் செய்து பார்த்துக்கொள்ளும் ஸ்டூவர்ட், பிறகு அந்த வேலையை மேற்பார்வையிடும் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். இப்போது சென்னையில் உட்கார்ந்து கப்பல் பயணம் போகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2022-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்தே இப்படிப்பட்ட கப்பல் கிளம்பத் தொடங்கிய பிறகு இந்தக் கேள்வி வாராவாரம் வருகிறது. கூடுதல் காசு கொடுத்தால் கூடுதல் கவனிப்பு கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கிடைக்கும். ஆனால் அந்தக் கூடுதல் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு உள்ளே தனி இலை போட்டு ஐந்து பலகாரம் கூட வைத்தால் நம் ஊரில் யாரும் குறை சொல்வதில்லை. பந்தியில் உட்கார்ந்தவனுக்கு இரண்டாம் முறை சாம்பார் வரவில்லை, கேட்டால் வாளியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்றால் மனசு வெறுத்துப்போகும். பந்தி வஞ்சனை என்று நம் பெரியவர்கள் பேர் வைத்தது அதற்குத்தான். கப்பலிலும் இதே கணக்குதான்.

தனி இலை கப்பல்களுக்குப் புதிதல்ல. குனார்டு நிறுவனத்தின் குவீன் மேரி 2 கப்பலில் எந்த கேபின் எடுத்தீர்களோ அதைப் பொறுத்துத்தான் நீங்கள் சாப்பிடும் உணவகம் அமையும். சூட்காரர்களுக்கு கிரில் என்ற தனிக்கூடங்கள், மற்றவர்களுக்கு பிரிட்டானியா. எம்எஸ்சி நிறுவனம் 2008-இல் ஃபான்டாசியா கப்பலில் யாட் கிளப் என்று தனிப் பகுதியே கட்டியது. நார்வேஜியன் நிறுவனத்தின் கப்பல்களில் ஹேவன் என்ற அதே மாதிரிப் பகுதி இருக்கிறது. கார்டு காட்டினால்தான் கதவு திறக்கும். உள்ளே தனி நீச்சல்குளம், தனி உணவகம், பட்லர் என்ற தனிப் பணியாள் எல்லாம் உண்டு. கப்பலுக்குள் இன்னொரு கப்பல். இதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. மூன்று நான்கு மடங்கு காசு கொடுத்தவருக்கு இடம் பெரிதாக வேண்டும், வரிசை சின்னதாக வேண்டும், காலையில் காபியை அறைக்கே கொண்டுவந்து கொடுக்க ஆள் வேண்டும். நியாயம்தான். அவர்கள் கொடுக்கும் காசில்தான் கீழ்த்தளக் கட்டணம் குறைவாக நிற்கிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள் சொல்வதையும் நான் மறுக்கவில்லை.

நான் சூப்பர்வைசர் ஆன முதல் வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கப்பல் கழிப்பறை, தண்ணீர் தள்ளிக்கொண்டு போகும் வீட்டுக் கழிப்பறை போன்றதல்ல. விமானத்தில் இருப்பதுபோலக் காற்று உறிஞ்சும் வகை. பல கேபின்களுக்கு ஒரே நீளக் குழாய். யாரோ ஒருவர் ஈரத் துடைப்புத்தாளைப் போட்டு ஃப்ளஷ் செய்தால் அடுத்தடுத்த கேபின்களும் சேர்ந்து நின்றுபோகும். அன்று எந்தத் துறைமுகத்திலும் நிற்காத நாள், நடுக்கடல். காலை எட்டு மணிக்கு ஜன்னல் இல்லாத இன்சைடு கேபின் ஒன்றிலிருந்து புகார் வந்தது. வயதான தம்பதி. கணவர் இதயத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர். அரை மணிக்கொரு தடவை போயாக வேண்டும். பதினோரு மணிக்கு மேல்தளத்தில் ஒரு சூட்டிலிருந்தும் அதே புகார். அங்கே இரண்டு கழிப்பறை, பழுதானது ஒன்றுதான்.

பிளம்பரை எங்கே முதலில் அனுப்புவது என்று எழுதும் பட்டியல் என் கையில் இருந்தது. நான் சூட்டை மேலே ஏற்றினேன். யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. அப்படித்தான் செய்யவேண்டும் என்று பழகியிருந்தேன். இன்சைடு கேபினுக்கு பிளம்பர் போனபோது மணி இரண்டே கால். அதற்குள் அந்தப் பெரியவர் ஒவ்வொரு தடவையும் சுவரில் ஓடும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் வரை நடந்து, இரண்டு தளம் மேலே போய்ப் பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்திவிட்டு வந்திருக்கிறார். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் மனைவி கட்டிலில் உட்கார்ந்து அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதன் பிறகு என் பிரிவில் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். தண்ணீர், கழிப்பறை, விளக்கு, கதவுப் பூட்டு, உடம்பு முடியவில்லை என்ற அழைப்பு, இந்த ஐந்துக்கும் கேபின் எண்ணைப் பார்க்கக் கூடாது. முதலில் கூப்பிட்டவருக்கு முதலில். இருவர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் முடியாதவருக்கு முதலில். பழக்கூடை, சட்டைக்கு இஸ்திரி, கரைக்குப் போகும் படகில் முன்னிடம், இவற்றில் சூட்டுக்கு முன்னுரிமை தாராளமாக இருக்கட்டும்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத இன்னொன்று, மாலைச் சுற்று. பயணிகள் இரவுச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் ஸ்டூவர்ட் இரண்டாம் முறை கேபினுக்குள் போவார். படுக்கையை விரித்து, துண்டை மாற்றி, குப்பையை எடுத்து, மறுநாள் நிகழ்ச்சித் தாளை வைப்பார். தலையணையில் சாக்லேட் வைக்கும் ஆடம்பரம் என்று பலர் இதை நினைக்கிறார்கள்.

நான் ஸ்டூவர்டாக இருந்தபோது ஒரு மாலை, ஏழரை மணி இருக்கும். கதவைத் தட்டினேன், பதில் இல்லை. திறந்தேன். படுக்கை காலையில் நான் விரித்தபடியே இருந்தது. குளியலறைக் கதவுக்கடியில் வெளிச்சம். கப்பல் குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு கட்டை உயர்ந்து நிற்கும். புதிதாக வருபவர்கள் காலை இடித்துக்கொள்வது அதில்தான். தனியாகப் பயணம் வந்திருந்த பெரியவர் ஒருவர் அதில் தடுக்கி உள்பக்கம் விழுந்து கிடந்தார். இடுப்பை அசைக்க முடியவில்லை. குரல் கரகரத்துப் போயிருந்தது. ஐந்தரை மணியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். நான் போனை எடுத்து அவசர எண்ணை அழுத்திவிட்டு, மருத்துவக் குழு வரும்வரை போர்வையைப் போர்த்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த மாலைச் சுற்று இல்லையென்றால் அடுத்து நான் அந்தக் கதவைத் தட்டுவது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு.

2023-இல் நார்வேஜியன், ராயல் கரீபியன் ஆகிய பெரிய நிறுவனங்கள் சாதா கேபின்களுக்கு நாளுக்கு ஒரே முறை சேவை என்று மாற்றிக்கொண்டன. சூட்டுகளுக்கு இரண்டு முறை தொடர்கிறது. காகிதத்தில் பார்த்தால் சின்ன மாற்றம். துண்டு ஒரு முறை மாறினால் போதும்தானே என்று நீங்களும் கேட்கலாம். என் கண்ணுக்கு அது துண்டுக் கணக்காகத் தெரியவில்லை. கப்பலில் வருபவர்களில் பெரியவர்கள் ஏராளம். அவர்களில் பலர் தங்குவது மலிவான கேபினில்தான். நாளுக்கு இரண்டு முறை அவர்கள்மேல் பட்ட ஒரு பழகிய கண், இப்போது ஒரு முறைதான் படுகிறது.

இங்கே ஸ்டூவர்டையும் நினைக்க வேண்டும். சூட்டைச் சரியாக முடிக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். சாதா கேபினுக்கு 20 நிமிடம். சூட்டுக்கென்று புதிதாக ஆள் போட்டால் பிரச்சினை இல்லை. நான் வேலை பார்த்த ஒரு கப்பலில் சூட்டுப் பிரிவை வலுப்படுத்துகிறோம் என்று கீழ்த்தளத்திலிருந்து கைதேர்ந்த நான்கு பேரை மேலே மாற்றினார்கள். அவர்கள் இடத்துக்கு ஆள் வரவில்லை. தலைக்கு 18 கேபின் பார்த்தவர்கள் 22 பார்க்க வேண்டியதாயிற்று. பழைய பயணிகளை இறக்கிப் புதியவர்களை ஏற்றும் நாளில், காலை ஒன்பதுக்கும் மதியம் ஒன்றரைக்கும் நடுவில் அந்த 22 கேபினும் தயாராக வேண்டும். அப்போது எது விட்டுப்போகும் தெரியுமா? மெத்தை விரிப்பு விட்டுப்போகாது, அது கண்ணில் படும். ரிமோட்டைத் துடைப்பது, கதவுப் பிடியைத் துடைப்பது, கட்டிலுக்கடியில் குனிந்து பார்ப்பது, இவைதான் விட்டுப்போகும். கப்பலில் நோரோவைரஸ் வயிற்றுப்போக்கு இப்படித் துடைக்காமல் விட்ட இடங்களிலிருந்தும் பரவும். அது பரவத் தொடங்கினால் சூட், இன்சைடு என்று பார்க்காது. மேல்தளத்துப் பயணி தொடும் லிஃப்ட் பொத்தானும் கீழ்த்தளத்துப் பயணி தொடும் பொத்தானும் ஒன்றுதான்.

2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும் 7 நாளில் 77 மணி நேரமும் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. ஓய்வு நேரக் கணக்கைப் பின்பற்றும் கப்பலில், கழித்துப் பார்த்தால் வாரத்துக்கு 91 மணி நேரம் வரை வேலை வாங்க இடமிருக்கிறது. அந்தக் கடைசி மணி நேரங்களில் கை வேலை செய்யும், கண் வேலை செய்யாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

டிப்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். பெரிய அமெரிக்கக் கப்பல்களில் சாதா கேபின் பயணியிடம் தலைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் சேவைக் கட்டணமாகத் தானாகவே கணக்கில் ஏறிவிடும். சூட் பயணிக்கு அதைவிட இரண்டு முதல் ஐந்து டாலர் கூடுதல். அறைக் கட்டணத்தில்தான் மூன்று நான்கு மடங்கு வித்தியாசம். சேவைக்கென்று வாங்கும் காசில் வித்தியாசம் இவ்வளவுதான். அப்படியானால் இன்சைடு கேபின்காரரும் கவனிப்புக்குரிய விலையை ஏறக்குறைய முழுதாகவே கொடுத்திருக்கிறார். கேட்டு வாங்க அவர் கூச்சப்பட வேண்டியதே இல்லை. நம் ஆட்கள் மலிவு டிக்கெட் எடுத்துவிட்டோமே என்று குழாயில் வெந்நீர் வரவில்லை என்பதைக்கூடச் சொல்லாமல் நான்கு நாள் ஓட்டுவார்கள். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். போனை எடுங்கள், சொல்லுங்கள், சொன்ன நேரத்தைக் குறித்துவையுங்கள்.

பாதுகாப்பில் மட்டும் காசுக்கு வேலையே இருக்கக் கூடாது. 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது முதல் வகுப்பில் ஏறத்தாழ பத்துக்கு ஆறு பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் நான்கில் ஒருவர். ஏறியிருந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் லைஃப்போட்டில் இடமே இருந்தது. 1914-இன் சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் அந்தச் சாவுகளிலிருந்து பிறந்தது. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பல நூறு பயணிகளுக்கு மஸ்டர் டிரில்லே, அதாவது ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று காட்டும் பயிற்சியே, நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. 2015 முதல் கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். "நான் இருபது தடவை பார்த்தாச்சு, எனக்கு வேண்டாம்" என்று சூட்டில் கதவைச் சாத்திக்கொண்டவர்களை நான் கெஞ்சி அழைத்துப் போயிருக்கிறேன். அவர்கள் டிப்ஸைக் குறைத்தாலும் பரவாயில்லை, அந்த இடத்தில் முடியாது என்று சொல்வதுதான் நல்ல சேவை.

தஞ்சாவூர்க்காரருக்கு நான் சூட் சொல்லவில்லை. அவர் பார்த்து வைத்திருந்த சூட் மேல்தளத்தில் கப்பலின் மூக்குப் பக்கம் இருந்தது. கடல் கொந்தளித்தால் ஆட்டம் அதிகம் தெரிவது அங்கேதான். விலை கூடக் கூட வயிறு பிரட்டல் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் கேபின் எடுத்துக் கொடுத்தேன். குளியலறைக்கு உட்கார்ந்து குளிக்கும் ஸ்டூல் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டோம். மிச்சமான காசில் மருத்துவச் செலவையும் தாங்கும் பயணக் காப்பீடு போடச் சொன்னேன். கப்பல் மருத்துவர் எந்த கேபின்காரருக்கும் இலவசமில்லை.

அம்மாவிடமும் போனில் பேசினேன். "ஏறின அன்னைக்கே உங்க ஸ்டூவர்டோட பேரைக் கேட்டுக்கோங்கம்மா. பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றேன். ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதி மகனுக்கு அனுப்பினேன், அம்மா அதை ஸ்டூவர்ட் கையில் கொடுக்க வேண்டும்: 'நான் தனியாக இருக்கிறேன். மாலையில் இந்தப் பக்கம் போகும்போது ஒரு முறை கதவைத் தட்டுங்கள். பதில் வராவிட்டால் திறந்து பாருங்கள்.'

"இதுக்கு எவ்வளவு டிப்ஸ் குடுக்கணும்பா?" என்று அம்மா கேட்டார். அதற்குத் தனியாக ஒன்றும் வேண்டாம் என்றேன்.