தூணுக்குப் பின்னால் பிறக்கும் சுழி

மாரியில், மட்டக்களப்பு வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்ட பிறகு, கல்லடிப் பாலத்தில் நின்று குனிந்து பாருங்கள். வாவி நீர் கடலுக்கு இழுத்துக்கொண்டு ஓடும். தூணுக்குப் பின்னால் ஒரு சுழி இடப்பக்கம் கழன்று போகும், அடுத்தது வலப்பக்கம். மிதந்து வரும் ஆற்றுவாழை அதில் அகப்பட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகும்.

காரணம் நீரின் பிசுக்குமை, அதாவது நீர்ப்படைகள் ஒன்றையொன்று பிடித்திழுக்கும் தன்மை. தூணைத் தொடும் நீர் துளியும் நகராது. அதை ஒட்டிய படை மெதுவாக நகரும், அதற்கடுத்தது கொஞ்சம் வேகமாக. இப்படித் தளர்ந்துபோன மெல்லிய படை, தூணின் பின்பக்கம் கூடிவரும் அமுக்கத்தை எதிர்த்துப் போக முடியாமல் விலகிச் சுருள்கிறது.

இதற்கான சமன்பாடுகளை 1822இல் பொறியியலாளர் நேவியரும் 1845இல் கணிதவியலாளர் ஸ்டோக்ஸும் எழுதிவிட்டார்கள். ஆனால் சுழி கழலும் ஓட்டத்தைத் தாளில் தீர்க்க முடியாது. ஆகவே கணினிக்குள் நீரைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கிறோம். கட்டத்துக்கு ஒரு வேகம், ஓர் அமுக்கம். நேரத்தைச் சிறு அடிகளாக நகர்த்தி, ஒவ்வொரு அடியிலும் ஓட்டம் வேகத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகிறது. பிசுக்குமை அயல் கட்டங்களை ஒன்றோடொன்று இழுக்கிறது. தூண் இருக்கும் கட்டங்களில் வேகம் பூச்சியம்.

இதுவரை சுலபம். பாரமான வேலை அப்புறம்தான். நீரை அமுக்கிச் சுருக்க முடியாது. ஒரு கட்டத்துக்குள் வந்த அளவு வெளியேற வேண்டும். கணக்கு அப்படி வராத இடங்களில் அமுக்கத்தை மாற்றிச் சரிசெய்கிறோம். ஒன்றை மாற்றினால் அயல் கட்டம் குழம்பும், அதைத் திருத்தினால் அதற்கடுத்தது. எனவே எல்லாவற்றையும் சேர்த்தே தீர்க்க வேண்டும். முதலில் வேகத்தை நகர்த்தி, பிறகு அமுக்கத்தால் திருத்தும் இந்த வழியை 1968இல் கணிதவியலாளர் சோரின் தந்தார். கணினியின் நேரத்தில் பெரும்பங்கை இந்த அமுக்கக் கணக்குத்தான் விழுங்குகிறது. தூணைத் தொடுமுன்பே நீர் ஒதுங்கிப் போவதும் இந்த அமுக்கத்தால்தான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஓட்டத்தின் வேகத்தைப் பொருளின் அகலத்தால் பெருக்கி, இயக்கப் பிசுக்குமையால் (பிசுக்குமையை அடர்த்தியால் வகுத்தது) வகுத்தால், சுழி வருமா என்று சொல்லும் ரெனால்ட்ஸ் எண். தேனுக்குள் மெல்ல நகரும் கரண்டிக்கு அது ஒன்றுக்கும் கீழே, சுழியே வராது. உருளைத் தூணுக்கு ஏறத்தாழ 47ஐத் தாண்டினால் சுழிகள் மாறி மாறிக் கழலும். ஒரு மீற்றர் தூணில் செக்கனுக்கு அரை மீற்றர் ஓடும் நீருக்கோ ஐந்து இலட்சத்துக்கு மேல். அங்கே நுண்சுழிகளை முழுதாகக் கணிப்பது மிகச் செலவானது. அவற்றின் விளைவைத் தோராயமாகச் சேர்ப்பார்கள்.

வீட்டுக் கணினியில் ரெனால்ட்ஸ் எண் 100இலிருந்து தொடங்குங்கள். இரு பக்கமும் சமச்சீராக அமைத்தால் முதலில் இரண்டு சுழிகள் தூணுக்குப் பின்னால் சோடியாக அமைதியாக இருக்கும். பிறகு, கணினி எண்களின் கடைசித் தசமதானங்களில் நேர்ந்த சிறு பிசகு வளர்ந்து வளர்ந்து ஒரு சுழியைக் கழற்றிவிடும். மற்றப் பக்கச் சுழியும் அதன் பின்னாலேயே புறப்படும்.