800 மீட்டர் வீரர் எதற்காக 35 கிலோமீட்டர் ஓடினார்?

நியூசிலாந்தின் பீட்டர் ஸ்நெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலும், 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் இவ்விரண்டையும் வென்ற ஆண் அவருக்குப் பின் யாருமில்லை. 1962 தொடக்கத்தில், ஒரே வார இடைவெளியில், புல்தரையில் ஓடி மைல் (3:54.4), 800 மீட்டர் (1:44.3) உலக சாதனைகளைப் படைத்தார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் முழு மாரத்தான் ஒன்றை ஓடி முடித்திருந்தார். சாதனைக்கு அந்த மாரத்தான் தடையாக இல்லை. அதற்கான அடித்தளமே அதுதான்.

800 மீட்டருக்குத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன் வழியாகக் கிடைக்கிறது. 1500 மீட்டரில் அது 80 சதவீதத்தை ஒட்டி வரும். மீதி ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைப்பதால் வருவது. அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லையை நெருங்க நெருங்கத் தசையில் அமிலத்தன்மை ஏறி, சுருங்கும் வேகம் குறைகிறது. கடைசி 100 மீட்டரில் ஒருவர் பாய்ந்து முந்துவதுபோல் நமக்குத் தோன்றும். பெரும்பாலும் மற்றவர்கள் அவரைவிட அதிகமாகத் தளர்கிறார்கள், அவ்வளவுதான். ரோமில் உலக சாதனையாளர் ரோஜர் மோன்ஸை ஸ்நெல் கடைசி மீட்டர்களில் உட்புறமாக வந்து முந்தினார். அது அவருக்கு 3 நாளில் நான்காவது ஓட்டம்! டோக்கியோவில் 8 நாளில் 6 ஓட்டங்கள். ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் விரைவாக மீள்வதும் ஆக்சிஜன் திறனைப் பொறுத்ததே.

பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் அந்தத் திறனைக் கட்டிய விதம் எளிமையானது, ஆனால் கடினம். சுமார் 10 வாரங்கள், வாரத்துக்கு 160 கிலோமீட்டர். ஒரு நாள் 16, மறுநாள் 24 என்று தூரம் மாறி மாறி வரும். வாரத்தில் ஒருமுறை ஆக்லாந்தை அடுத்த வைட்டாகெரே மலைச் சாலைகளில் 35 கிலோமீட்டர்.

இதில் வேகத் தசைகளுக்கு என்ன லாபம்? ஓய்வுக்குப் பின் உடற்பயிற்சி உடலியலில் முனைவர் பட்டம் பெற்று, டல்லஸில் ஆய்வாளராகப் பணியாற்றிய ஸ்நெல்லே இதற்கு விளக்கம் தந்தார். மிதமான ஓட்டத்தில் உடல் முதலில் மெதுவாகச் சுருங்கும் தசை இழைகளையே பயன்படுத்தும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் அவற்றில் சேமித்துள்ள சர்க்கரையான கிளைக்கோஜன் தீரத் தொடங்கும். அப்போது, வேகம் கூடாமலே, வேக இழைகள் வேலைக்கு அழைக்கப்படுகின்றன. அவற்றிலும் ஆக்சிஜன் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் செல் உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவும் நுண் இரத்தக் குழாய்களும் பெருகுகின்றன. இப்படிப் பழகிய வேக இழைகள் பந்தயத்தில் தாமதமாகத்தான் சோர்வடையும். நெடுந்தூர ஓட்டத்தின் கடைசி அரைமணி நேரத்தின் மதிப்பு இதில்தான் இருக்கிறது; பாதியில் நிறுத்துபவர் அதை இழக்கிறார்.

ஓட்டத்தின் வேகத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பக்கத்தில் ஓடுபவருடன் பேச முடிய வேண்டும். ஆனால் சோம்பலான ஜாகிங்காகவும் ஆகிவிடக் கூடாது. மூச்சு வாங்கும் வேகத்தில் தினமும் ஓடினால் மறுநாளைக்குக் கால் தேறாது, வாரத் தூரமும் கைகூடாது.

அடுத்து சுமார் 4 வாரம் மேட்டுப் பயிற்சி: முழங்காலை உயர்த்தி, கணுக்காலால் உந்தித் துள்ளியபடி ஏறுதல், மேலே நிதானமாக ஓடுதல், இறக்கத்தில் தளர்வாக நீள அடி வைத்தல், கீழே சமதளத்தில் குறுவேக ஓட்டங்கள். அதன் பின்னரே தடகளப் பாதையில் 400 மீட்டர் திரும்பத் திரும்ப. இதற்கும் 4 வாரமே போதும். ஆக்சிஜனற்ற திறன் சில வாரங்களிலேயே உச்சம் தொட்டுவிடும். அதற்கு மேலும் கசக்கினால் தூக்கம் கெடும், நேரங்கள் பின்தங்கும், கட்டிய அடித்தளமே கரையும். பள்ளி மாணவர்களை ஆண்டு முழுவதும் 400 மீட்டர் இடைவெளிப் பயிற்சியில் வாட்டுவது இதனால்தான் வீண், சொல்லப்போனால் கேடு.

லிடியார்டின் முறை 1960-களின் பிற்பகுதியில் பின்லாந்துக்குப் போனது. 1972 மியூனிக்கில் 1500 மீட்டர் தங்கம் அந்நாட்டின் பெக்கா வசாலாவுக்கு. ஸ்நெல்லின் 1:44.3 நியூசிலாந்தின் தேசிய சாதனையாக 60 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

இன்றைய இளம் வீரர் 160 கிலோமீட்டரை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. தூரத்தை விட்டு நேரத்தைக் கணக்கிடலாம்: வாரம் ஒரு நீண்ட ஓட்டத்தை 60 நிமிடத்தில் தொடங்கி, இரு வாரத்துக்கு ஒருமுறை 10 நிமிடம் கூட்டி, 100 நிமிடம் வரை கொண்டுபோகலாம். கணைக்காலின் முன்புறம், அதாவது முழங்காலுக்குக் கீழே காலெலும்பில், ஓரிடத்தில் விரலால் அழுத்தினால் வலிக்கிறது என்றால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.