முந்தலும் பிந்தலும்: ‘அவான்ஸ்’ என்ற சொல்லுக்கு விளக்கம்

டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு ப்ரோகிராம் செய்யக்கூடிய சி.டி.ஐ. பெட்டியை (பிளக்கில் எப்போது பொறி விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் மின்னணுப் பெட்டி) மாட்டி, கணினியில் அதன் மென்பொருளைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு வளைகோடு. கிடையாக ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று), செங்குத்தாக டிகிரி. அந்த டிகிரிக்கு ஆங்கிலத்தில் இக்னிஷன் அட்வான்ஸ் என்று பெயர். மொரீஷியஸ் பட்டறைகளில் பேச்சு கிரியோலும் பிரெஞ்சுமாகக் கலந்து ஓடுவதால் இங்கே அது ‘அவான்ஸ்’. முழுப் பெயர் ‘அவான்ஸ் ஆ லலுமாஜ்’. தமிழில் என்ன சொல்வது? மொழிபெயர்ப்புக் கருவியைக் கேட்டால் ‘பற்றவைப்பு முன்னேற்றம்’ என்று வரக்கூடும். அதை இப்போதே குப்பையில் போட்டுவிடலாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் பொருள். சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை ஒரேயடியாக வெடித்துவிடுவதில்லை, எரிகிறது. பிளக்கின் நுனியில் பொறி விழுந்த இடத்திலிருந்து தீ பரவி ஓரம் வரை போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பிஸ்டன் உச்சியைத் தாண்டி, கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) சுமார் 10 முதல் 15 டிகிரி திரும்பியிருக்கும்போது உள்ளே அழுத்தம் அதிகபட்சத்தைத் தொட வேண்டும். அப்போதுதான் எரிந்த பெட்ரோல் முழுசாக வேலைக்கு ஆகும். அதனால் பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பொறியை விட்டுவிட வேண்டும். உச்சிக்கு எவ்வளவு முன்னால் விடுகிறோமோ அதுதான் அவான்ஸ். கிராங்க் திரும்பும் கோணத்தில் அதை அளக்கிறார்கள். 20 டிகிரி என்றால் நிறைய மாதிரி தோன்றும். 6000 ஆர்.பி.எம்.மில் அது ஒரு விநாடியை 1800 பங்கு போட்டால் ஒரு பங்கு.

சொல்லின் வேர் பிற்கால லத்தீனில் இருக்கிறது. அங்கே ‘அபான்தே’ என்றால் ‘முன்னாலிருந்து’. அதிலிருந்து பிரெஞ்சில் ‘அவான்சே’ பிறந்தது. ஆங்கிலம் கடன் வாங்கியபோது அதிலும் ‘ட்’ இல்லை. 16ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள், சொல்லின் தலையில் இருப்பது லத்தீன் ‘அத்’ என்ற முன்னொட்டு என்று தப்பாக எண்ணி, நடுவில் ஓர் எழுத்தைச் செருகிவிட்டார்கள். வீட்டு வாடகைக்கு நாம் கொடுக்கிற ‘அட்வான்ஸ்’ வரைக்கும் அந்தப் பிழை கூடவே வந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களின் சொல் பழைய உருவத்திலேயே நிற்கிறது.

பிரெஞ்சில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வசதி உண்டு. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டால் ‘ஆன் அவான்ஸ்’, தாமதமானால் ‘ஆன் ரெதார்’. கடிகாரம் வேகமாக ஓடினாலும் ‘அவான்ஸ்’தான். இந்த ‘ரெதார்’ கிரியோலிலும் அன்றாடச் சொல். பஸ்ஸைத் தவறவிட்ட பள்ளிப் பிள்ளை வாசலில் நின்று சொல்கிற முதல் வார்த்தை அதுதான். ஆக, ‘அவான்ஸ்’ என்று கேட்டதும் இங்கே ரோஸ் ஹில் ஊர் மெக்கானிக்கின் மனசில் வருவது நேரக்கணக்கு. பொறி சீக்கிரம் வருகிறதா, லேட்டாக வருகிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

‘முன்னேற்றம்’ கெடுக்கிற இடம் இதுதான். தமிழில் முன்னேற்றம் என்பது வளர்ச்சி, நல்லது, எல்லாருக்கும் வேண்டியது. கூடக்கூட நல்லதுதானே என்று யாருக்கும் தோன்றும். புதிதாகப் பெட்டி வாங்கிய பையன்கள் செய்வதும் அதைத்தான்: வளைகோட்டை முழுசாக 5 டிகிரி மேலே தூக்கிவிட்டு, கீழ் ஆர்.பி.எம்.மில் கிடைக்கிற துள்ளலைப் பார்த்துப் பூரித்துப்போவார்கள். அப்புறம் மேட்டில் நீளமாக முறுக்கும்போது அழுத்தம் சீக்கிரமே எகிறி, சூடு தாங்காமல் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

நான் பரிந்துரைப்பது ‘முந்தல்’. அதன் மறுபக்கம் ‘பிந்தல்’. இரண்டும் நேரத்தைச் சொல்கின்றன, இரண்டிலும் பாராட்டோ பழியோ இல்லை, இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. அளவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டுமானால் ‘முந்துகோணம்’. ‘முந்துகோணம் 18 டிகிரி’ என்று எழுதினால் விளக்கம் தேவைப்படாது. டிகிரிக்குப் ‘பாகை’ இருக்கிறது. பள்ளியில் தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். பட்டறையில் டிகிரியே போதும்.

இக்னிஷனுக்கு மூன்று நான்கு சொற்கள் போட்டி போடுகின்றன. ‘எரியூட்டல்’ பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்தித்தாளில் ‘உடல் எரியூட்டப்பட்டது’ என்று படித்துப் பழகியவர்களுக்கு அது சுடுகாட்டு வாடை அடிக்கும். ‘தீவைத்தல்’ போலீஸ் வழக்கு. ‘பற்றவைப்பு’ சரி. அடுப்பு, பீடி, பட்டாசு எல்லாவற்றையும் பற்றவைக்கிறோம், எஞ்சினையும் பற்றவைக்கலாம். ‘பொறி’யிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. தமிழில் பொறி என்றால் நெருப்புத் துணுக்கு, இயந்திரம், எலி பிடிக்கும் கூண்டு எல்லாம். ‘பொறி முந்தல்’ என்று தலைப்புப் போட்டால் வண்டி முந்திக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். தலைப்பில் ‘தீப்பொறி’ என்று முழுசாக எழுதுவது நல்லது.

ஸ்பார்க் பிளக்குக்கு இங்கே ‘பூஜி’. பிரெஞ்சில் அதற்கு மெழுகுவர்த்தி என்றும் பொருள். கிரியோலில் மெழுகுவர்த்தி ‘லபூஸி’. அல்ஜீரியாவின் பெஜாயா துறைமுகத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் பூஜி என்று அழைத்தார்கள். அங்கிருந்து மெழுகு வந்ததால் வர்த்திக்கு ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. ‘தீப்பொறிச் செருகி’ என்று தமிழ் ஆக்கியிருக்கிறார்கள். குறை ஒன்றும் இல்லை. ஆனால் கடையில் போய் அப்படிக் கேட்டு யாரும் வாங்குவதாகத் தெரியவில்லை. நம் நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எண் உண்டு, உதிரிபாகக் கடையில் தமிழ் இன்னும் நுழையவில்லை.

இனி வளைகோட்டுக்கு வருவோம். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் வேகம் ஏற ஏற முந்தலும் பொதுவாக ஏறும். டூ-ஸ்ட்ரோக் இதற்கு நேர்மாறு. ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்பார்களே, கிட்டத்தட்ட அப்படி. கீழ் ஆர்.பி.எம்.மில் சிலிண்டர் சரியாகக் கழுவப்படுவதில்லை. எரிந்த புகை பாதி உள்ளேயே தங்கி, புதுக் கலவையோடு கலந்து, தீயை மெதுவாகப் பரவ வைக்கிறது. எனவே அங்கே நிறைய முந்த வேண்டும். எக்ஸ்பான்ஷன் சேம்பர் (டூ-ஸ்ட்ரோக்கின் வயிறு பெருத்த புகைக்குழாய்; அதில் பட்டுத் திரும்பும் அலை புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளி வைக்கும்) வேலை செய்யத் தொடங்கும் இடத்தில் சிலிண்டர் நன்றாக நிரம்பும், தீ விறுவிறுவென்று ஓடும். முந்தலைக் குறைக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் இன்னும் பிந்தவிட வேண்டும். இங்கேதான் வேடிக்கை. பொறி பிந்தினால் எரிதல் நீண்டு, சூடு வெளியே போகும் புகையோடு சேம்பருக்குள் போகும். சூடான வாயுவில் ஒலி வேகமாக ஓடும். புகை 600 டிகிரி செல்சியஸிலிருந்து 650 ஆனாலே ஒலியின் வேகம் ஏறத்தாழ 3 சதவீதம் கூடிவிடும். சேம்பரின் முனையில் பட்டுத் திரும்பும் அலை அந்த அளவு சீக்கிரம் வந்து சேரும். குழாயை வெட்டிக் குட்டையாக்கியது போன்ற பலன். 10,000 ஆர்.பி.எம்.மில் மூச்சு முட்டி நிற்க வேண்டிய எஞ்சின் இன்னும் ஒரு 300 தாண்டி இழுக்கும்.

தெருவில் ஓடும் வண்டிக்குப் பொதுவான உருவம் இப்படி இருக்கும்: 4000 முதல் 5000 வாக்கில் 24, 25 டிகிரி, இழுவை உச்சத்தில் 18 பக்கம், 10,000-ஐத் தாண்டினால் 12, 13. இது உருவம் மட்டும்தான். அப்படியே காப்பியடித்து ஏற்ற வேண்டிய எண் கிடையாது. மின்னணுப் பெட்டி வருவதற்கு முந்தைய பாயின்ட், கண்டென்சர் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் எல்லா வேகத்துக்கும் ஒரே முந்தல். எங்கும் முழுப் பொருத்தம் இல்லாத ஒரு சமரசம். போர்ட் லூயிஸ் கடல் மட்டத்தில் இருக்கிறது, தீவின் மேட்டு ஊரான க்யூர்பிப் சுமார் 550 மீட்டர் உயரத்தில். மேலே காற்றழுத்தம் ஆறேழு சதவீதம் குறைவு, அதனால் அங்கே எஞ்சின் ஒரு சின்ன அளவு கூடுதல் முந்தலைத் தாங்கும். தினமும் மேலும் கீழுமாக ஓடுகிறவர் கீழ் ஊர்க் கணக்குக்கே வைத்துவிட வேண்டும்.

பழைய கையேடுகள் முந்தலை மில்லிமீட்டரில் சொல்லும்: ‘உச்சிக்கு முன் 2 மி.மீ.’ பிஸ்டன் உச்சியைத் தொட இன்னும் எவ்வளவு தூரம் பாக்கி என்று பொருள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் டயல் கேஜ் (நுண்ணிய தூரத்தை முள்ளால் காட்டும் அளவி) வைப்பார்கள். பிரெஞ்சில் அது ‘கோம்பாரத்தேர்’. கிராங்கோடு சேர்ந்து சுற்றும் சக்கரமான ஃபிளைவீலைக் கையால் மெல்லத் திருப்ப, முள் ஏறி, ஓர் இடத்தில் நின்று, திரும்பும். நின்ற இடம் உச்சி. அங்கே டயலைப் பூஜ்ஜியமாக்கி, சக்கரத்தைப் பின்னால் திருப்பி 2.00 காட்டும்போது கோடு கீறுவார்கள். இந்த உச்சியைப் பிரெஞ்சில் ‘புவான் மோர் ஓ’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘மேல் செத்த புள்ளி’. உச்சிவெயில், உச்சிவேளை என்று பேசுகிற நமக்கு ‘உச்சி’ என்ற ஒரு சொல்லே தாராளம்.

மில்லிமீட்டரும் டிகிரியும் சேர்ந்து நடப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. ஸ்ட்ரோக் 54 மி.மீ., கனெக்டிங் ராட் 110 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 14 டிகிரிக்கு 1.0 மி.மீ., 20 டிகிரிக்கு 2.0 மி.மீ., 28 டிகிரிக்கு 3.9 மி.மீ. வரும். கோணம் இரண்டு மடங்கானால் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. கையேட்டில் உள்ள மி.மீ.யைக் கணக்குப் போடாமல் மென்பொருளில் ஏற்ற முடியாது.

‘ப்ரோகிராமபிள்’ என்பதற்கு ‘நிரல்படுத்தத்தக்க’ என்று அகராதி நீட்டும். ‘நிரலேற்றும் பற்றவைப்புப் பெட்டி’ என்று சொன்னால் வாய்க்கும் வலிக்காது. செக் நாட்டு இக்னிடெக், ஸ்லோவேனியாவின் ஸீல்ட்ரானிக் இரண்டும் டூ-ஸ்ட்ரோக்காரர்களிடையே தெரிந்த பெயர்கள். பெட்டியின் வேலை உண்மையில் ஒன்றுதான்: தாமதிப்பது. ஃபிளைவீலில் உள்ள மேடு, பக்கத்தில் பொருத்தியிருக்கும் பிக்-அப் காயில் என்ற உணரியைக் கடக்கும்போது ஒரு துடிப்பு வருகிறது. அது உச்சிக்கு 30 டிகிரி முன்னால் வருகிறது, நமக்கு வேண்டியது 18 என்றால் 12 டிகிரி காத்திருக்க வேண்டும். 8000 ஆர்.பி.எம்.மில் அது ஒரு விநாடியின் 4000-இல் ஒரு பங்கு. காத்திருந்து, மின்தேக்கியில் சில நூறு வோல்ட்டில் சேர்த்து வைத்த மின்சாரத்தை, பிளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் இக்னிஷன் காயிலுக்குள் கொட்டிவிடும். வராத துடிப்புக்கு முன்னால் பெட்டியால் பொறி விட முடியாது. எனவே துடிப்பின் கோணம் நமக்கு வேண்டிய அதிகபட்ச முந்தலை விடப் பெரிதாக இருந்தாக வேண்டும்.

அந்தத் துடிப்புக் கோணத்தை மென்பொருள் ‘ஸ்டாடிக் ஆங்கிள்’ என்று கேட்கும். ‘நிலைக்கோணம்’ என்று எழுதலாம். ‘துடிப்புக்கோணம்’ என்றால் வேலையே பெயரில் தெரியும், எனக்கு இதுதான் பிடிக்கிறது. இதில் 3 டிகிரி தப்பாகக் கொடுத்தால் வளைகோடு முழுக்க 3 டிகிரி பொய் சொல்லும், திரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். சோதிக்க ஒரு வழிதான். எல்லா வேகத்துக்கும் 20 டிகிரி என்று ஒரு தட்டைக் கோடு ஏற்றி, வண்டியைக் கிளப்பி, ஸ்ட்ரோப் லைட்டை (ஒவ்வொரு பொறிக்கும் ஒருமுறை மின்னும் விளக்கு) ஃபிளைவீல் மேல் பிடிக்க வேண்டும். கீறிய கோடு 20-இல் விழாவிட்டால் துடிப்புக்கோணத்தைத் திருத்த வேண்டும். 20-இல் விழுந்து, முறுக்க முறுக்க நகர்ந்தால், பிக்-அப்பும் மின்சுற்றும் எடுத்துக்கொள்ளும் சில மைக்ரோ விநாடிகளை ஈடுகட்ட ‘காம்பன்சேஷன்’ என்ற கட்டத்தில் ஓர் எண் போட வேண்டும். எந்த வேகத்திலும் கோடு அசையாமல் நிற்கும் வரை வளைகோட்டில் கை வைக்கக் கூடாது.