ஆறாம் வகுப்பில் சேர்க்கும் முன் கேட்கவேண்டிய ஒரு கேள்வி

மே மாதம் பிறந்தால் காரைக்குடி, தேவகோட்டை பக்கத்துக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் வீடுகளில் ஒரே பேச்சுதான். “ரெண்டு வருஷம் டவுன்ல இங்கிலீஷ் மீடியத்துல போட்டுப் பார்ப்போம், சரிவரலைன்னா கவர்மென்ட் ஸ்கூலுக்கே மாத்திக்கலாம்.” மாற்றிக்கொள்ளலாம்தான், இடமும் கொடுப்பார்கள். அந்த இரண்டு வருடத்தால் கைவிட்டுப் போவது என்ன என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சொல்கிறேன். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று விரிந்தது. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் திட்டத்தில், ஆண்பிள்ளைகளுக்கு அதே தொகை தமிழ்ப்புதல்வன் திட்டத்தில். எல்லாவற்றுக்கும் அடிப்படை விதி ஒன்றே: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும். ஏழாம் வகுப்பை மட்டும் தனியார் பள்ளியில் படித்திருந்தாலும் போச்சு. பன்னிரண்டில் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று சொல்லித்தர ‘நான் முதல்வன்’ திட்டம் இருக்கிறது. பள்ளியில் அந்த வழிகாட்டல் தொடங்குவது ஒன்பதாம் வகுப்பில். தகுதிக் கணக்கோ ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. நடுவில் மூன்று வருடம் பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது.

செட்டிநாட்டில் கூடுதலாக ஒரு சிக்கல். இங்கே பாதிப் பள்ளிகளின் பெயர்ப் பலகையில் ஏதோ ஒரு செட்டியார் பெயர் இருக்கும். கட்டிக்கொடுத்தவர்களுக்குப் புண்ணியம், ஆனால் பலகையைப் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது. சில இன்று அரசிடமோ உள்ளாட்சியிடமோ இருக்கின்றன. சில அரசு உதவி பெறுபவை. சில முழுக்க சுயநிதி. ஒரே வளாகத்தில் தமிழ் வழி உதவி பெறுவதாகவும் ஆங்கில வழி சுயநிதியாகவும் நடப்பதும் உண்டு. “எல்லாம் கவர்மென்ட் மாதிரிதாம்மா” என்று ஆபீஸில் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 7.5 சதவீதத்துக்கு உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. மாதம் 1,000 ரூபாய்க்கு உதவி பெறும் பள்ளியும் வரும், ஆனால் தமிழ் வழியில் படித்திருக்கவேண்டும். அரசுப் பள்ளியில் இந்தத் தொல்லையே இல்லை; அங்கே ஆங்கில வழியில் படித்தாலும் தகுதி போகாது. ஆகவே சேர்க்கும் முன் கேள்வி இதுதான்: அரசா, உதவி பெறுவதா, சுயநிதியா? தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் விலக்கு உண்டு. எட்டு வரை அங்கே படித்துவிட்டு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் தகுதி நிற்கும். பழகிய பள்ளி என்று ஒன்பதையும் அங்கேயே தொடர்ந்தால் நிற்காது. அந்த இடத்தில்தான் சேர்ந்தார் என்பதற்கான சான்றை மாற்றுச் சான்றிதழோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

அப்புறம் காகிதம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டு முடித்து, பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறவர்களுக்குத்தான் பிற்பாடு அலைச்சல். மேல்நிலைப் பள்ளி ஒன்பதிலிருந்துதான் எழுதித்தரும். ஆறு முதல் எட்டுக்குப் பழைய பள்ளிக்குப் போனால் தலைமையாசிரியர் மாறியிருப்பார், ‘எமிஸ்ல இருக்குமே’ என்பார். எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவில், பெயரோ தலைப்பெழுத்தோ வேறு மாதிரி இருக்கும். கலந்தாய்வுக்கு நாலு நாள் இருக்கும்போது இந்த ஓட்டம் யாருக்கும் வேண்டாம். எட்டு முடித்த அன்றே படிப்புச் சான்றும் எமிஸ் எண்ணும் கையில் இருக்கட்டும். ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மாதம் 1,000 ரூபாய்க்கு வருமான வரம்பு கிடையாது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். வருமானச் சான்று, ஆன்லைன் பதிவு என்று சொல்லி வெளியில் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஐடிஐ, பாலிடெக்னிக் சேர்ந்தாலும் இந்தப் பணம் உண்டு. டிகிரிக்கு மட்டும்தான் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

எட்டாம் வகுப்பில் இன்னொன்று: என்எம்எம்எஸ் என்கிற தேசிய உதவித்தொகைத் தேர்வு. தேறியவர்களுக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் மத்திய அரசு தருகிறது. இதற்கு உதவி பெறும் பள்ளி மாணவர்களும் எழுதலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. இங்கே வருமானச் சான்று நிஜமாகவே வேண்டும், இ-சேவையில் முன்கூட்டியே போட்டுவையுங்கள். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான். ‘நம்ம பிள்ளைங்க எங்கே எழுதப்போகுது’ என்று சும்மா இருந்துவிடும் பள்ளிகளும் உண்டு, அதனால் அரையாண்டுத் தேர்வு சமயத்தில் நீங்களே போய்க் கேளுங்கள்.

தேறியதும் பணம் தானாக வந்துவிடும் என்று இருந்துவிடக்கூடாது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் தனியாக விண்ணப்பிக்கவேண்டும், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கவும் வேண்டும். ஒன்பதில் தனியார் பள்ளிக்கு மாறினால் நின்றுவிடும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தது மட்டும் போதாது. அரசுப் பணம் அந்தக் கணக்குக்கு வரும்படி ஆதாரை இணைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். விண்ணப்பித்த பிறகு பள்ளியில் சரிபார்த்து மேலே அனுப்பினார்களா என்று திரையிலேயே காட்டச் சொல்லுங்கள். அனுப்பாவிட்டால் கடைசித் தேதி தாண்டியும் அது அங்கேயே கிடக்கும்.