பின்னால் நழுவிய தோள்

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்குமோ திறக்காதோ, மன்னார்குடிப் பக்கம் போர் தண்ணீரை நம்பிக் குறுவைக்கு நாற்று விட்டுவிடுவார்கள். மோட்டார் கொட்டகையில் ஷாக் அடித்தவர்களை நான் அதிகம் பார்ப்பதும் அந்த நாட்களில்தான்.

அப்படி அடிபட்ட ஒருவர் என்னிடம் வந்தது ஆடிக் கடைசியில். அடிபட்ட அன்றே எடுத்த எக்ஸ்ரே கையில் இருந்தது. "முறிவு இல்லைன்னுட்டாங்க டாக்டர். சுளுக்குதான்னு எண்ணெய் போட்டு நீவிக்கிட்டே இருந்தேன். இன்னும் தனியா சட்டை மாட்ட முடியல." முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னேன். திரும்பவில்லை. நான் பிடித்துத் திருப்பியும் அசையவில்லை. படத்தைப் பார்க்கும் முன்பே பாதி புரிந்துவிட்டது.

தோள்மூட்டு நழுவினால், மேல்கை எலும்பின் பந்து போன்ற தலை, தோள்பட்டை எலும்பின் கிண்ணத்தை விட்டுப் பெரும்பாலும் முன்பக்கம்தான் இறங்கும். தோளின் உருண்டை போய்ச் சதுரமாகிவிடும். படத்திலும் தப்பாமல் தெரியும். பின்பக்கம் நழுவுவது நூற்றுக்கு 2 முதல் 4 பேருக்குத்தான். வலிப்பிலோ மின்சாரம் தாக்கும்போதோ தசைகள் எல்லாம் ஒரேயடியாக இறுகும். கையை உள்ளே திருப்பும் தசைகளுக்குத்தான் வலு அதிகம். அந்த இழுப்பில் பந்து கிண்ணத்துக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். முன்னாலிருந்து எடுக்கும் நேர்ப்படத்தில் முன் பின் தெரியாதே! பந்து இருக்கிற இடத்திலேயே இருப்பதுபோல் தோன்றும். கைத்தடியின் பிடிபோல ஒரு பக்கம் வளைந்து தெரியவேண்டிய எலும்பின் தலை, குண்டு பல்பு மாதிரி உருண்டு தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் வலிக்குப் பயந்து கையை வயிற்றோடு அணைத்திருப்பவரின் நல்ல தோளும் அப்படித் தெரியலாம். நேர்ப்படத்தை மட்டும் வைத்து நான் எதையும் அடித்துச் சொல்வதில்லை.

அக்குள் வழியாக இன்னொரு படம் வேண்டும். கையை லேசாக விலக்கினாலே எடுத்துவிடலாம். அதுவும் முடியாவிட்டால் தோள்பட்டை எலும்பைப் பக்கவாட்டில் காட்டும் 'ஒய்' படம். இவருக்கு அக்குள் படத்தில், பந்து கிண்ணத்தின் பின்விளிம்பில் குத்தி நின்றது. பந்தின் முன்பக்கத்தில் அந்த விளிம்பு அழுத்திய பள்ளம். முதல் நாளே தெரிந்திருந்தால் மயக்கம் கொடுத்து இழுத்துப் பொருத்திப் பார்த்திருக்கலாம். இரண்டு மாதம் கழிந்துவிட்டதால், இனி அறுவை சிகிச்சைதான்.

முதல் எக்ஸ்ரே சீட்டில் 'விழுந்ததால் வலி' என்றுதான் எழுதியிருந்தது. ஷாக் அடித்ததை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பீஸ் கட்டையை நானே பிடுங்கி மாட்டினேன் டாக்டர். ஈபிக்காரங்க விசாரிப்பாங்களோன்னு, வரப்புல விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன்."