பொண்டை மாற்றினால் யுனிகோட் ஆகாது

“பாமினிப் பொண்டை லதாவுக்கு மாத்தினன், எல்லாம் இங்கிலிஷ் எழுத்தாப் போச்சு. உங்கட கொம்பியூட்டர்ல சரியா வரும்தானே?”

வராது. யாருடைய கணினியிலும் வராது. புதுக்கடைச் சட்டத்தரணியின் அலுவலகமோ, கொள்ளுப்பிட்டி அரசசார்பற்ற நிறுவனமோ, வெள்ளவத்தை ரைப் செட்டிங் கடையோ, மொழிபெயர்ப்புக்கென்று கோப்பு எங்கிருந்து வந்தாலும் கூடவே இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. அதனால் ஒரு தடவை விரிவாகவே எழுதிவிடலாம்.

பாமினி யுனிகோட் அல்லாத பழைய தமிழ்ப் பொண்ட் (எழுத்துரு), லதா யுனிகோட் பொண்ட். பாமினியில் அடித்த கோப்புக்குள் தமிழ் இல்லை. திரையில் ‘தமிழ்’ என்று தெரியும் இடத்தில் சேமிக்கப்பட்டிருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஜே வரும் இடத்தில் ‘த’ வடிவத்தையும் கே வரும் இடத்தில் ‘ம’ வடிவத்தையும் வரைந்து காட்டுவதோடு பாமினியின் வேலை முடிந்தது. லதாவைத் தெரிவு செய்தால் லதா ஜேயை ஜேயாகவே காட்டும். லதா பழுதில்லை, கணினியும் பழுதில்லை. உள்ளே இருப்பது இப்போதுதான் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யுனிகோட்டில் தமிழுக்கென்று 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ‘த’வுக்கு அதில் ஒரு நிரந்தர எண் உண்டு, எந்தப் பொண்டில் காட்டினாலும் அந்த எண் மாறாது. பாமினியிலிருந்து அங்கே போக ஒவ்வோர் எழுத்தாக எண்ணையே மாற்ற வேண்டும். அதற்கு மாற்றி என்ற தனி மென்பொருள் தேவை. பொண்ட் பட்டியலில் எவ்வளவு கீழே இறங்கித் தேடினாலும் அந்த வேலை நடக்காது. சிங்களத்தில் எப்எம் அபயா என்ற பழைய பொண்டுக்கும் இதே கதைதான்.

“அச்செடுத்தால் சரியாத்தானே வருது” என்பார்கள். அச்சுக்கு அது போதும். ஒமேகாடி போல இணையம் இல்லாமல் நம் கணினியிலேயே ஓடும் மொழிபெயர்ப்பு மென்பொருளுக்குப் போதாது. அது எண்ணைத்தான் படிக்கும். ‘பிரதேச செயலாளர்’ என்பதை எத்தனை தடவை மொழிபெயர்த்து வைத்திருந்தாலும், பாமினிக் கோப்பில் அதே சொல் வரும்போது, முன்பு செய்தவற்றைச் சேமித்து வைத்திருக்கும் மொழிபெயர்ப்பு நினைவகம் வாய் திறக்காது. சொற்பட்டியலும் உதவாது. வேலையை அப்படியே முடித்தால் குப்பை நினைவகத்திலும் ஏறிவிடும். பிறகு அதைக் களைவது பெரும்பாடு.

ஆகவே மாற்றம் எல்லாம் வேலையைத் தொடங்குமுன். அதிலும் கோப்பு முழுவதையும் அள்ளி மாற்றியில் ஒட்டாதீர்கள். நம் ஆவணங்களில் தமிழுக்கு நடுவே ஆங்கிலப் பெயரும் ஈமெயில் முகவரியும் கட்டாயம் இருக்கும். மாற்றி அவற்றையும் பாமினி என்று நினைத்துக் கடித்துக் குதறிவிடும். வேர்டில் கண்ட்ரோல், எச் அழுத்தி, தேடும் பெட்டியை வெறுமையாக விட்டு, போமட் என்பதில் பொண்டாகப் பாமினியைக் கொடுங்கள். மாற்றும் பெட்டியையும் வெறுமையாக விட்டு, அதன் போமட்டில் சிவப்பு நிறம் மட்டும் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். பாமினி அனைத்தும் சிவக்கும். சிவந்ததை மட்டும் மாற்றுங்கள். பிறகு தலைக்குறிப்பு, அடிக்குறிப்பு, எழுத்துப் பெட்டிகள் ஆகியவற்றைத் தனியே ஒரு தடவை பாருங்கள். வழக்கமாக அவற்றில்தான் பழைய எழுத்து ஒளிந்து கிடக்கும். என்எச்எம் கன்வேர்ட்டர் என்ற மாற்றி இலவசம், இணையம் இல்லாமலே வேலை செய்யும், பாமினியும் தெரியும். ஆனால் எழுத்தை அதில் ஒட்டி மாற்றினால் தடித்த எழுத்து, சாய்வு எல்லாம் போய்விடும். மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவற்றைத் திரும்பப் போடுங்கள்.

மாற்றியபின் செய்யவேண்டிய சோதனையைப் பாதிப்பேர் செய்வதில்லை. விளைவை நம் செய்தித் தளங்களில் தினமும் பார்க்கலாம்: ‘வௌிநாடு’, ‘வௌ்ளவத்தை’, ‘தௌிவு’. காரணம் இதுதான். பாமினியில் ஔகாரக் குறியின் பின்பகுதியும் ‘ள’வும் ஒரே விசை. கொம்பு, ‘வ’, ‘ள’ என்று மூன்றும் அடுத்தடுத்து வந்தால் மாற்றி அவசரப்பட்டு ‘வௌ’ என்று முடித்துவிடுகிறது. பின்னால் வரும் இகர விசிறியும் புள்ளியும் அந்தரத்தில் தொங்குகின்றன. திரையில் ஒரு புள்ளிவட்டம் தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம். சில பொண்டுகளில் ஒன்றுமே தெரியாது. ‘வௌி’, ‘வௌ்’, ‘தௌி’ என்று ஒவ்வொன்றாகத் தேடி ‘வெளி’, ‘வெள்’, ‘தெளி’ என்று மாற்றுங்கள். ஔகாரத்துக்குப் பின் இன்னொரு குறியோ புள்ளியோ வரவே முடியாது, ஆகவே இவை பயமில்லாமல் மாற்றக்கூடியவை. கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஔகாரத்தையும் உடைக்காதீர்கள். ‘பௌத்த’ இருக்கிறது, ‘தௌபீக்’ இருக்கிறது, வௌவாலும் இருக்கிறது. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: ‘கௌரவ அமைச்சர்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ‘ள’வும் சேர்ந்து ‘கெளரவ’ என்று நிற்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, மென்பொருளுக்கு இரண்டு வேறு சொற்கள்.

அடுத்தது பிடிஎப். பிடிஎப் என்பது பக்கத்தின் தோற்றத்தைக் காப்பாற்றுவதற்கான வடிவம். அதை வேர்டாக்கினால் ஒவ்வொரு வரியின் முடிவும் ஒரு பந்தி முடிவாகிவிடும், மென்பொருள் ஒரு வசனத்தை நான்கு துண்டாகக் காட்டும். எழுத்து இடைவெளி அங்கங்கே நூலளவு மாறியிருப்பதால் சொல்லுக்குச் சொல் வடிவமைப்பைக் குறிக்கும் ஒரு குறியீடு (டேக்) குறுக்கே வரும். முழுவதையும் தெரிவு செய்து எழுத்து இடைவெளியை நோர்மலுக்கும் அளவுத்திட்டத்தை 100 வீதத்துக்கும் கொண்டுவந்தால் பெரும்பாலானவை ஒழியும். ஒமேகாடியின் புரொஜெக்ட் அமைப்பில் குறியீடுகளை நீக்கும் தெரிவும் உண்டு, ஆனால் பந்திக்குள் இருக்கும் தடித்த எழுத்தும் சேர்ந்தே போகும். தமிழ் பிடிஎப்பில் நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி வருமானால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். 300 டிபிஐ படமாக்கி, படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் டெசராக்ட் மென்பொருளில் தமிழ்த் தரவுக் கோப்பைப் போட்டு வாசிக்க விடுங்கள், அதுவும் இணையம் இல்லாமலே ஓடும். அதற்குப் பிறகும் வரிக்கு வரி சரவை பார்க்கத்தான் வேண்டும். சிறிய ஆவணமென்றால் திரும்ப ரைப் பண்ணுவதே மலிவு.

இலவச இணைய மாற்றியில் ஏற்றிவிடலாம் என்ற யோசனையைத் தயவுசெய்து விடுங்கள். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகரத்துத் தீர்ப்பு, வைத்திய அறிக்கை, நம் கைக்கு வருபவை இவைதான். இன்னொருவருடைய அடையாள அட்டை இலக்கத்தை யாருடையதென்றே தெரியாத சேர்வருக்கு அனுப்ப உங்களுக்கு யார் அனுமதி தந்தது? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் இருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் இது செய்யக்கூடாத காரியம்.

சின்ன விசயங்கள் சில. டொக் கோப்பின் பெயர் முடிவில் ஓர் எக்ஸ் சேர்த்தால் அது டொக்எக்ஸ் ஆகாது, வேர்டில் திறந்து சேவ் அஸ் கொடுக்க வேண்டும். ஒமேகாடி டொக்கைத் திறக்காது. கோப்புகள் அதிகமென்றால் லிப்ரே ஒபிஸின் டொக்யுமெண்ட் கன்வேர்ட்டர் ஒரு போல்டரை மொத்தமாக ஓடிடி வடிவத்துக்கு மாற்றித் தரும், ஒமேகாடி அதைத் திறக்கும். எக்செல் சொற்பட்டியலை சிஎஸ்வி ஆக்கும்போது ‘சிஎஸ்வி யுடிஎப் 8’ என்பதையே தெரிவு செய்யுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும், அந்தக் கேள்விக்குறிகளை எந்த மாற்றியாலும் திரும்பத் தமிழாக்க முடியாது. நோட்பேடில் ‘அன்சி’யாகச் சேமித்தாலும் இதே கதி.

வேலை முடிந்தபின் அச்சகம் “பாமினியில்தான் வேணும்” என்று கேட்கும். கொடுங்கள், ஆனால் யுனிகோட் கோப்பை மூலமாக வைத்துக்கொண்டு ஒரு பிரதியை மட்டும் மாற்றிக் கொடுங்கள். கொடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: பக்க வடிவமைப்புக்குப் பயன்படுத்துவது இன்டிசைன் சிஎஸ் 6 அல்லது அதற்குப் பிந்தியதா? ஆமென்றால் பாமினியே தேவையில்லை. பந்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கொம்போசரைத் தெரிவு செய்தால் யுனிகோட் தமிழ் கொம்பும் காலும் பிசகாமல் அப்படியே உட்காரும்.