எக்ஸ்ரேவில் வலி தெரியாது

பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துவைத்து முயல் மாதிரி துள்ளி ஓடும் நாய்க்குட்டியைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் எட்டு மாத லாப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ எப்போதும் இப்படியே ஓடுகிறது, படியேறத் தயங்குகிறது, எழுந்திருக்கச் சிரமப்படுகிறது என்றால் இடுப்பு மூட்டைச் சோதிக்க வேண்டும். மருத்துவர் பெரும்பாலும் சொல்லப்போகும் பெயர் ஹிப் டிஸ்பிளாசியா, அதாவது இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளரும் கோளாறு.

தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து, இடுப்பெலும்பில் அது உட்காரும் கிண்ணம். பிறக்கும்போது இந்த நாய்களுக்கும் மூட்டு சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு வளரும்போது வருகிறது. பந்து கிண்ணத்துக்குள் அழுத்தமாக உட்கார்ந்திருந்தால்தான் கிண்ணம் ஆழமாக வளரும். பிறவிக்கூறு காரணமாக மூட்டைப் பிடித்திருக்கும் நார்கள் தளர்வாக இருந்தால், பந்து நழுவி நழுவி விளிம்பில் மோதும். கிண்ணம் தட்டுப் போல ஆகிவிடும், குருத்தெலும்பு தேயும்.

உடம்பும் சும்மா இருப்பதில்லை. ஆடுகிற மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்து, பந்தை ஓரளவு இறுக்கிப் பிடிக்கிறது. அதனால்தான் எட்டாவது மாதத்தில் காலைத் தாங்கி நடந்த பல நாய்கள் ஒன்றேகால் வயதில் நன்றாக நடக்கின்றன. இடையில் எந்த மாத்திரையை, எந்த எண்ணெயைக் கொடுத்தோமோ, பெயர் அதற்குப் போய்விடும்! தேய்மானம் மட்டும் உள்ளே மெதுவாகத் தொடர்ந்து, நடுவயதுக்கு மேல் மறுபடி வலியாக வந்து நிற்கும்.

சிகிச்சையைத் தேர்வதில் குழப்பம் தொடங்குவதே எக்ஸ்ரேயில்தான். படத்தில் மூட்டு அலங்கோலமாக இருக்கும், நாயோ துள்ளிக் குதிக்கும். படத்தில் கொஞ்சம் தேய்மானம்தான், ஆனால் நாய் எழவே யோசிக்கும். போதாததற்கு, இடுப்பு கெட்டிருக்கிறது என்பதாலேயே இப்போதைய நொண்டலுக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. நடுவயது நாய் திடீரென்று நொண்டினால் முழங்காலில் தசைநார் அறுந்திருக்கலாம். வயதான ஜெர்மன் ஷெப்பர்டு வலியில்லாமல் பின்பாதத்தை இழுத்து, நகம் தேய நடந்தால் தண்டுவடத்தைச் சந்தேகிக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல் இடுப்பில் கத்தி வைப்பது வீண்.

முதலில் எடை. 24 ஜோடி லாப்ரடார்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு இடுப்புத் தேய்மானம் தாமதமாகவும் லேசாகவும் வந்தது. 2002இல் வெளியான முடிவின்படி அவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. விலா எலும்பைத் தடவினால் எளிதாகக் கையில் தட்டுப்பட வேண்டும் என்பதுதான் அளவுகோல். மூட்டுக்கு நல்லது என்று விற்கப்படும் துணைச்சத்தான குளுக்கோசமைனுக்கு இந்த அளவுக்கு ஆதாரம் இல்லை, ஆனாலும் அதை வாங்குவது தட்டில் உணவைக் குறைப்பதைவிட மனசுக்குச் சுலபம்.

வலிக்குக் கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம் போன்ற மருந்துகள் உண்டு. நீண்ட நாள் கொடுத்தால் இடையிடையே ரத்தப் பரிசோதனை செய்து கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் இருக்கும் ஐபுப்ரோஃபெனை மட்டும் தொடவே கூடாது, நாய்க்கு அது விஷம். மாதம் ஒருமுறை போடும் பெடின்வெட்மாப் ஊசி வலி நரம்புகளைத் தூண்டும் ஒரு புரதத்தைத் தடுக்கிறது. அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்றது. நடைத் தள்ளாட்டம், வலிப்பு போன்ற பக்கவிளைவுகள் சில நாய்களில் பதிவானதால், அதையும் மருத்துவரிடம் பேசிவிட்டே தொடங்க வேண்டும். நடை, நீச்சல் நல்லது. பந்தெறிந்து துரத்தவிடுவது வேண்டாம்.

ஆபரேஷன்களுக்கு வயதுக் கெடு இருக்கிறது. ஐந்து மாதத்துக்கு முன்பே என்றால், இடுப்பெலும்பின் அடியில் வளரும் ஓரிடத்தைச் சூட்டால் மூடிவிடுகிறார்கள். மீதி எலும்பு வளர வளர, கிண்ணம் தானாகவே பந்தின் மேல் சாய்ந்து மூடுகிறது. அழகான யோசனை, ஆனால் அந்த வயதில் பெரும்பாலான குட்டிகளிடம் அறிகுறியே தெரியாது என்பதுதான் சிக்கல். ஏறத்தாழ பத்து மாதம் வரை, தேய்மானம் தொடங்காதிருந்தால், எலும்பை வெட்டிக் கிண்ணத்தைத் திருப்பிவைக்கலாம். குட்டி இந்த வயதில் இருக்கும்போது "பொறுத்துப் பார்ப்போம்" என்பதும் ஒரு முடிவுதான், கதவு அதற்குள் மூடிவிடும்.

வளர்ந்த நாய்க்கு இரண்டு வழிகள். ஒன்று, பந்தையே வெட்டி எடுத்துவிடுவது. கேட்கவே பகீரென்று இருக்கும். ஆனால் தசையும் தழும்புத் திசுவும் சேர்ந்து அங்கே ஒரு போலி மூட்டை உண்டாக்குகின்றன, எலும்போடு எலும்பு உரசுவது நிற்கிறது. சிறிய நாய்களுக்கு இது நன்றாகவே பலன் தருகிறது, பெரிய நாய்களுக்குப் பலன் அவ்வளவு நிச்சயமில்லை. படுக்கவைத்தால் இறுகிவிடும் என்பதால் சில நாட்களிலேயே நடக்கவைக்க வேண்டும். மற்றொன்று, உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் பொருத்தும் முழு மூட்டு மாற்று. அனுபவமுள்ள கைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் வெற்றி, நடை ஏறத்தாழ இயல்புக்கே திரும்பிவிடும். இரண்டு பக்கமும் கெட்டிருந்தாலும் பல நாய்களுக்கு ஒரு பக்கத்தை மாற்றினாலே போதும். ஆனால் மூட்டு விலகினாலோ கிருமி தொற்றினாலோ இன்னொரு பெரிய ஆபரேஷன். அப்புறம், ஓடத் துடிக்கும் நாயைப் பல வாரங்கள் அடக்கிவைக்கப் பொறுமை வேண்டும்.

என் கணிப்பில், வளர்ந்த நாய்க்கு அவசரம் இல்லை. எடையையும் மருந்தையும் இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக முயன்று பார்க்கலாம். வாரம் ஒருமுறை, அதே இடத்தில் நாய் நடப்பதைப் பின்னாலிருந்து போனில் வீடியோ எடுத்துவையுங்கள். நம் ஞாபகம் நமக்கு வேண்டியதைச் சொல்லும், வீடியோ அப்படிச் சொல்லாது. நாய் வலியில் கத்துவதும் அபூர்வம். வயதாகிவிட்டது, அதனால்தான் வாசலுக்கு வருவதில்லை என்று நினைத்திருப்போம். மருந்து தொடங்கிய இரண்டாவது வாரம் அது மறுபடி வாசலில் வந்து நின்றால், அதை இவ்வளவு நாள் தடுத்தது வயது அல்ல, வலி.